எக்ஸிமா உள்ள குழந்தையின் துணிக்கு எந்த டிடர்ஜென்ட்? தூள், திரவம், கட்டி, பூந்திக்கொட்டை: ஒரு மதிப்பீடு

எக்ஸிமா உள்ள குழந்தையின் பனியன் ஒன்றை எடுத்து உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். கழுத்துப் பட்டி, அக்குள் மூட்டு, இடுப்பு எலாஸ்டிக் ஆகிய இடங்களில் துணி இரண்டு மூன்று மடிப்பாகத் தைக்கப்பட்டிருக்கும். சோப்புத் தண்ணீர் அந்த மடிப்புக்குள் எளிதாகப் போய்விடும். அலசும்போது அவ்வளவு எளிதாக வெளியே வராது. அடர்நிறத் துணியாக இருந்தால் தையலோரத்தில் தூள் வெள்ளைக் கோடாகக் காய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். குழந்தைக்கு வியர்த்ததும் அது கரைந்து, ஏற்கெனவே தடித்துச் சிவந்திருக்கும் தோலின்மேல் நாள் முழுக்க ஊறும். அதனால்தான் இந்த மதிப்பீட்டில் எது வெள்ளையாக வெளுக்கிறது, எது மணக்கிறது என்று பார்க்கவில்லை. துவைத்துக் காய்ந்தபின் துணியில் என்ன மிஞ்சுகிறது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகையையும் பார்க்கிறோம்.

முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம். நல்ல தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருக்கும். துவைக்கும் தண்ணீரோ காரத்தன்மை உடையது, சாதாரணமாக 9 முதல் 11 வரை போகும். எக்ஸிமா உள்ளவர்களில் பலருக்குத் தோலின் மேலடுக்கு பிறவியிலேயே ஓட்டை விழுந்த கூரைபோல் இருக்கும். அந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் உறுதியானது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டிகள் உள்ளே இறங்கும். டிடர்ஜென்டில் அழுக்கைப் பிரிக்கும் வேலையைச் செய்வது சர்ஃபாக்டன்ட் என்ற பொருள். எண்ணெய்ப் பசையைக் கரைப்பதுதான் அதன் தொழில்; அது துணியின் எண்ணெய் என்றும் தோலின் எண்ணெய் என்றும் பிரித்துப் பார்க்காது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சோடியம் லாரில் சல்ஃபேட்டைத் தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்கவே பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் எல்லாம் தெளிவாகும். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் அளவைப் பொறுத்தது: மிச்சம் குறைந்தால் எரிச்சலும் குறையும். ஒவ்வாமை அப்படியில்லை. ஒரு வாசனைப் பொருளுக்கோ கெடாமல் காக்கும் ரசாயனத்துக்கோ உடம்பு பழகி எதிர்க்கத் தொடங்கிவிட்டால், துளி இருந்தாலும் தடிப்பு வரும். டிடர்ஜென்டால் உண்மையான ஒவ்வாமை வருவது அபூர்வம். எரிச்சல்தான் அடிக்கடி நடப்பது. ஆகவே பாதிப் பிரச்சினைக்குத் தீர்வு கடையில் இல்லை, அலசும் வாளியில் இருக்கிறது. அதற்கும் வருவோம்.

லேபிளில் எதை நம்பலாம்?

முன்பக்கத்தில் உள்ள எதையும் அப்படியே நம்ப வேண்டாம். 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை குறைவாகத் தருவது) என்ற சொல்லுக்குச் சட்டப்படி நிலையான பொருள் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1975-இல் அழகுசாதனப் பொருள்களில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றுவிட்டது. இன்றும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் போடுகிற நிறுவனமே தீர்மானிக்கிறது. 'தோல் மருத்துவர் பரிசோதித்தது' என்பதும் அப்படியே: பரிசோதித்தார் என்று இருக்கிறது, என்ன முடிவு வந்தது என்று இல்லை. 'நேச்சுரல்', 'பேபி', 'ஜென்டில்' எல்லாம் விற்பனைச் சொற்கள். குழந்தைப் படம் போட்ட பாட்டில்கள் பலவற்றில் பெரியவர்கள் பாட்டிலில் உள்ள அளவுக்கே வாசனை சேர்த்திருக்கும். குழந்தைத் துணிக்கென்று ஒரு மணம் நம் மனதில் பதிந்துவிட்டதால், நிறுவனங்கள் அதை விட மனமில்லாமல் சேர்க்கின்றன. எக்ஸிமா குழந்தைக்கு அந்த மணம் வேண்டவே வேண்டாம்.

கவனிக்க வேண்டிய சொல் 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'. 'அன்சென்டெட்' என்பது அதுவல்ல. அன்சென்டெட் என்றால் மூக்குக்கு மணம் தெரியாது, அவ்வளவுதான். மூலப்பொருளின் நெடியை மறைக்க வேறொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். பின்பக்கப் பட்டியலில் பர்ஃப்யூம், பர்ஃபம், ஃப்ராக்ரன்ஸ் என்று ஏதாவது ஒன்று இருந்தால் முன்பக்கம் என்ன சொன்னாலும் திருப்பி வைத்துவிடுங்கள். லிமோனீன், லினலூல், ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்ற பெயர்கள் இருந்தாலும் அப்படித்தான். இவை எலுமிச்சை, லாவெண்டர் போன்ற இயற்கை எண்ணெய்களில் இருப்பவை. இயற்கை என்பதால் தோல் ஏற்றுக்கொள்ளும் என்று கணக்கில்லை. லிமோனீனும் லினலூலும் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் பொருள்கள் பெயர் பெற்ற ஒவ்வாமையூட்டிகள்; திறந்து நாள்பட்ட பாட்டிலில் இவை கூடிக்கொண்டே போகும். 'எசென்ஷியல் ஆயில் மட்டுமே' என்ற வரியைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கெடாமல் காக்கும் பொருள்கள். திரவ டிடர்ஜென்டில் தண்ணீர் இருப்பதால் கிருமி வளராமல் தடுக்க ஏதாவது சேர்த்தாக வேண்டும். அதில் பிரச்சினைக்குரியவை 'ஐசோதையசோலினோன்' என்று முடியும் பெயர்கள்: மெத்தில்ஐசோதையசோலினோன், மெத்தில்குளோரோஐசோதையசோலினோன், பென்ஸ்ஐசோதையசோலினோன். முதலாவது 2013-இல் அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கத்தால் 'ஆண்டின் ஒவ்வாமையூட்டி' என்று அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தோலில் பூசி விட்டுவிடும் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது. சலவைப் பொருள்களுக்கு அந்தத் தடை இல்லை. நன்றாக அலசிய துணியில் இது மிகச் சொற்பமாகவே மிஞ்சும். இருந்தாலும் இதற்கே ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், வெறுங்கையால் துவைக்கும் பெற்றோருக்கும் இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். ஃபீனாக்ஸிஎத்தனால் அல்லது சோடியம் பென்சோயேட் சேர்த்த திரவம் கிடைத்தால் அதை எடுங்கள்.

முழுப் பட்டியல் போடாத பாட்டில்கள் நிறைய உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு டிடர்ஜென்ட் விதிப்படி, காப்புப் பொருள், என்சைம், வெண்மையூட்டி, வாசனை ஆகியவை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட ஒவ்வாமை வாசனைப் பொருள்களை 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லிப் போட வேண்டும். அந்த விதிக்கு உட்படாத இடத்தில் விற்கும் பாட்டிலில் 'சர்ஃபாக்டன்ட், பில்டர், இதர பொருள்கள்' என்று மட்டும் இருந்தால், உள்ளே இருப்பதை ஊகிக்க வழியில்லை. அப்படிப்பட்ட பொருளை எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் எக்ஸிமா வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கறையைச் சிதைக்கச் சேர்க்கும் என்சைம்களைப் பற்றிப் பயம் அதிகம். அந்தப் பயத்துக்கு அடிப்படை குறைவு. 1960-களின் கடைசியில் டிடர்ஜென்ட் ஆலைத் தொழிலாளர்களுக்கு என்சைம் தூசியைச் சுவாசித்ததால் ஆஸ்துமா வந்தது உண்மை. அதன்பிறகு என்சைமைத் தூசி பறக்காத குருணையாக்கி மேலே பூச்சுப் பூசிச் சேர்க்கிறார்கள். துணியில் மிஞ்சும் அளவு என்சைம் தோலைப் புண்ணாக்குகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. எக்ஸிமா துணியில் புரோட்டியேஸ் என்சைமுக்கு நல்ல வேலையே இருக்கிறது: சொறிந்த இடத்து ரத்தப் பொட்டும் புண்ணில் கசிந்த நீரும் புரதக் கறைகள். ரத்தப் பொட்டு விழுந்த விரிப்பைக் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டுத் துவையுங்கள். நேராகச் சுடுதண்ணீரில் போட்டால் புரதம் வெந்து நூலோடு ஒட்டிவிடும். என்சைம் உள்ள டிடர்ஜென்டால் குழந்தைக்கு அரிப்பு கூடுகிறது என்று இரண்டு மூன்று முறை தெளிவாகத் தெரிந்தால் மாற்றுங்கள். கேள்விப்பட்டதை வைத்து மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை.

வெண்மையூட்டி என்பது துணியில் தங்குவதற்கென்றே செய்யப்பட்டது. புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால் துணி பளீரென்று தெரிகிறது. அழுக்குப் போவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால் ஒவ்வாமை வருவது மிக அரிது என்றாலும், பயனில்லாமல் துணியில் தங்கும் ஒன்றைக் குழந்தைக்குச் சேர்ப்பானேன்? இல்லாத பாட்டில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இதை வைத்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வகைவாரியாக எங்கள் தேர்வு

வாசனையும் சாயமும் இல்லாத, முழுப் பட்டியல் போட்ட திரவ டிடர்ஜென்ட்தான் எங்கள் முதல் தேர்வு. காரணம் எளிது: குளிர்ந்த தண்ணீரிலும் முழுதாகக் கரைகிறது, மில்லி கணக்கில் அளக்க முடிகிறது, தையலில் துகள் நிற்பதில்லை. குறை ஒன்றுதான்: மேலே சொன்ன காப்புப் பொருள். பட்டியலில் நான்-அயானிக் (மின்னேற்றம் இல்லாத) வகை சர்ஃபாக்டன்ட் முன்னால் இருந்தால் இன்னும் நல்லது. அவை பொதுவாகத் தோலுக்குச் சாதுவானவை, உப்புத் தண்ணீரிலும் வேலை செய்பவை. தாவரச் சர்க்கரையிலிருந்து வரும் ஆல்கைல் குளுக்கோசைடுகளைச் 'சைவ' சர்ஃபாக்டன்ட் என்று கொண்டாடுகிறார்கள். சாதுவானவைதான், ஆனாலும் அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2017-இல் அவற்றையும் ஆண்டின் ஒவ்வாமையூட்டியாக அறிவித்தது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் பொருள் என்று எதுவும் கிடையாது என்பதற்காகச் சொல்கிறோம். பயந்து ஒதுக்க அல்ல.

இரண்டாவது இடம் வாசனையற்ற தூளுக்கு. உலர்ந்த பொருள் என்பதால் அதற்குக் காப்புப் பொருள் தேவையில்லை. ஐசோதையசோலினோன் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு இதுவே முதல் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் தூளில் சலவை சோடா இருக்கும், சிலவற்றில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கச் சேர்க்கும், தண்ணீரில் கரையாத சியோலைட் என்ற தாதுவும் இருக்கும். துணிமேல் நேராகத் தூவுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் தூளை முழுதாகக் கரைத்து, ஐந்து நிமிடம் விட்டு, அடியில் மணல்போல் படிந்ததை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் ஊற்றுங்கள். மெஷின் தட்டில் போடுபவர்கள் குளிர்ந்த தண்ணீர்ச் சுற்றைத் தவிர்த்து 40 டிகிரி வையுங்கள். சட்டைப் பையைப் புரட்டிப் பார்த்து அதில் கட்டியாக ஏதும் நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். நின்றால் அளவு அதிகம் அல்லது தண்ணீர் குளிர்.

ஜெல் வில்லைகள் வசதியானவை. ஆனால் ஒரு வில்லையைப் பாதியாக வெட்ட முடியாது. குழந்தையின் துணியைத் தனியாகத் துவைக்கும்போது இரண்டு கிலோகூட வராது. முழு மெஷினுக்கான ஒரு வில்லை அதற்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு. தவிர, மிட்டாய்போல் தெரியும் அதைச் சிறு பிள்ளைகள் கடித்துக் கண்ணிலும் தொண்டையிலும் காயப்பட்ட சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழந்தை நடமாடும் வீட்டில் வேண்டாம். காகிதம்போன்ற டிடர்ஜென்ட் தாள்களைக் கிழித்து அளவைக் குறைக்கலாம், வாசனையற்றதும் கிடைக்கிறது. ஆனால் களிம்பு படிந்த துணிக்கு அவற்றின் வலு போதாது.

துணி சோப்புக் கட்டி எங்கள் பட்டியலில் கீழே இருக்கிறது. கட்டியை நேராகக் காலரிலும் கையோரத்திலும் தேய்க்கிறோம், அதாவது தோல் அதிகம் உராயும் இடங்களிலேயே சோப்பை அழுத்தி ஏற்றுகிறோம். கடினத் தண்ணீரில் உண்மையான சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். எத்தனை அலசு அலசினாலும் அது போகாது. காய்ந்தபின் துணி விறைப்பாக, சற்றே சாம்பல் நிறமாக இருக்கும். மென்மையான தண்ணீர் உள்ளவர்கள், வாசனையில்லாத கட்டியைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தினால் பரவாயில்லை.

பூந்திக்கொட்டையைப் பற்றிப் பலரும் ஆசையோடு கேட்கிறார்கள். அதில் உள்ள சப்போனின் உண்மையிலேயே நுரைக்கும், வாசனையும் காப்புப் பொருளும் இல்லை. ஆனால் அழுக்கெடுக்கும் திறன் வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் மேல். எக்ஸிமா குழந்தையின் துணியில் களிம்பு, தோல் செதில், கசிவு மூன்றும் சேர்ந்து இருக்கும். பூந்திக்கொட்டை அதை முழுதாக எடுக்காது. அழுக்கு மிஞ்சுவதும் ஒரு மிச்சம்தான். ஒரு நாள் போட்ட பருத்திச் சட்டைக்குச் சரி. படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் போதாது. சோப்பைத் துருவி சலவை சோடா, போராக்ஸ் கலந்து வீட்டில் செய்யும் தூளை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்போம். சலவை சோடாக் கரைசலின் பி.எச். 11-ஐத் தொடும், துருவிய சோப்பு பிசுக்காகப் படியும். போராக்ஸை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது.

கடைசி அலசலில் ஊற்றும் மென்மையாக்கியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது நூலின்மேல் படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. சொரசொரப்பு குறைவது எக்ஸிமாவுக்கு நல்லதுதான். சிக்கல் என்னவென்றால் அந்தப் படலம் தங்குவதற்கே போடப்படுகிறது, அதோடு வாசனையும் தங்குகிறது. துண்டு தண்ணீர் உறிஞ்சாது. தீப்பிடிக்காமல் பதப்படுத்திய இரவு உடைகளில் அந்தப் பாதுகாப்பும் குறையும். துணி விறைக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் சோப்பு மிச்சம்தான். 10 லிட்டர் கடைசி அலசல் தண்ணீரில் 30 மில்லி வெள்ளை வினிகர் விட்டாலே துணி தளரும், காய்ந்ததும் நெடி போய்விடும். மெஷினில் தினமும் ஊற்ற வேண்டாம், ரப்பர் பாகங்கள் நாளடைவில் கெடும். குளோரின் ப்ளீச்சோடு வினிகரை எப்போதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

அளவும் அலசலும்

இங்கேதான் எங்கள் கவலை அதிகம். நல்ல பாட்டிலை வாங்கிவிட்டு மூடி நிறைய ஊற்றினால் வாங்கியது வீண். மூடியின் உள்ளே பார்த்தால் மங்கலாக இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். ஒரு சாதாரணச் சுமைக்கு வேண்டியது பெரும்பாலும் கீழ்க்கோட்டோடு முடிந்துவிடும், மூடியோ அதைப்போல் இரண்டு மடங்கு கொள்ளும். ஒரு மருந்து அளவைக் குப்பியை எடுத்து லேபிளில் சொன்ன மில்லி கணக்கில் அளந்து ஊற்றுங்கள். லேபிளில் உள்ள அளவு நாலைந்து கிலோ துணிக்கானது. குழந்தையின் இரண்டு கிலோ துணிக்குப் பாதி போதும். கையால் துவைத்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 15 மில்லி. நுரை குறைவாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. நுரைக்கும் அழுக்கெடுப்பதற்கும் நேரடித் தொடர்பில்லை. மெஷினுக்கான டிடர்ஜென்டில் வேண்டுமென்றே நுரையை அடக்கி வைத்திருப்பார்கள்.

கை அலசலில் ஒரு கணக்கு உண்டு, இதைத் தெரிந்துகொண்டால் பழக்கமே மாறிவிடும். ஒரு கிலோ பருத்தித் துணியை நன்றாகப் பிழிந்தால் அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீர் நிற்கும். அதை 10 லிட்டர் நல்ல தண்ணீரில் போட்டால் சோப்பு பதினொன்றில் ஒரு பங்காகும். அப்படி ஒவ்வொரு முறையும் பிழிந்துவிட்டு மூன்று தண்ணீர் அலசினால், மிஞ்சுவது 1,331-இல் ஒரு பங்கு. அதே துணியைப் பிழியாமல், சொட்டச் சொட்டத் தூக்கி அடுத்த வாளியில் போட்டால் மூன்று லிட்டர் சோப்புத் தண்ணீர் கூடவே போகிறது. மூன்று தண்ணீர் அலசியபின்னும் மிஞ்சுவது 81-இல் ஒரு பங்கு. அதே வாளி, அதே தண்ணீர், அதே நேரம். மிச்சம் மட்டும் பதினாறு மடங்கு. நூலோடு ஒட்டிக்கொள்ளும் சோப்பு இதைவிட மெதுவாகவே வரும் என்பதால், ஒவ்வொரு தண்ணீரிலும் இரண்டு நிமிடம் அலசிக் கசக்குங்கள். கழுத்துப் பட்டியையும் இடுப்பு எலாஸ்டிக்கையும் தனியாகப் பிடித்துப் பிழியுங்கள். கையால் துவைப்பவருக்கும் எக்ஸிமா இருக்க வாய்ப்புண்டு, குடும்பத்தில் ஓடும் நோய் இது. உள்ளே பருத்தி வைத்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷினில் 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' பொத்தானை நிரந்தரமாக அழுத்தி வையுங்கள். முன்பக்கக் கதவு மெஷின்கள் தண்ணீரை மிகச் சிக்கனமாக எடுப்பவை. இவற்றில் அதிகம் ஊற்றிய டிடர்ஜென்ட் எளிதில் வெளியேறாது. டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் துணி திணிக்கக் கூடாது; துணிக்கு மேலே கையை நிமிர்த்தி நுழைக்க இடம் இருக்க வேண்டும். 15 நிமிட, 30 நிமிடச் சுற்றுகளில் அலசல் குறைவு, குழந்தைத் துணிக்கு அவை வேண்டாம். கடைசி அலசலின்போது கண்ணாடிக் கதவில் நுரை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அடுத்த முறை கால் பங்கு குறையுங்கள். டிடர்ஜென்ட் தட்டைக் கழற்றினால் மென்மையாக்கி அறையின் மூடிக்கடியில் பழைய வாசனைப் பிசுக்கு கூழாக நிற்கும். வாசனையில்லாததற்கு மாறிய பிறகும் துணி மணக்கிறது என்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

மிச்சம் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். துவைத்துக் காய்ந்த கைக்குட்டை அளவுத் துண்டை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, பாதிவரை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, ஒரு நிமிடம் குலுக்குங்கள். அதேபோல் இன்னொரு ஜாடியில் வெறும் தண்ணீர் மட்டும். துணி ஜாடியில் நுரை வளையம் ஒரு நிமிடத்துக்குமேல் நின்றால் அலசல் போதவில்லை.

தண்ணீரின் கடினத்தன்மையும் இதில் சேரும். லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கடினத் தண்ணீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். அதில் டிடர்ஜென்ட் கூடுதலாகத் தேவைப்படும், துணியில் படிவதும் கூடும். அதற்காக விலைகூடிய மென்னீர்க் கருவி வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிரிட்டனில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து நடந்து 2011-இல் வெளியான சோதனையில், அந்தக் கருவி பொருத்தியதால் எக்ஸிமாவில் கூடுதல் பலன் தெரியவில்லை. எக்ஸிமாவுக்கென்று விற்கும் பட்டு உடைகளையும் அங்கே 300 குழந்தைகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள்; அதிலும் கூடுதல் பலன் இல்லை. அந்தப் பணம் ஈரப்பதக் களிம்புக்குப் போகட்டும்.

களிம்பு படிந்த துணி

ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூசும் வீட்டில் இந்தப் பிரச்சினை தப்பாது. பாரஃபின் அடிப்படையிலான களிம்பு குளிர்ந்த தண்ணீரில் அசையாது; துணியில் ஏறி, அதில் தோல் செதிலும் கிருமியும் ஒட்டிக்கொண்டு, நாள்பட்ட சிக்கு வாடை வரும். இரவு உடை என்று இரண்டு மூன்று பழைய பருத்தி உடைகளைத் தனியே ஒதுக்குங்கள். துவைக்குமுன் தடித்த படிவைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். அந்த இடத்தில் அளந்து வைத்த டிடர்ஜென்டிலேயே கொஞ்சம் தடவி 15 நிமிடம் விட்டு, துணி தாங்கினால் 60 டிகிரியில் துவையுங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு மூன்றையும் வாரம் ஒருமுறை அதே 60 டிகிரியில். தூசிப் பூச்சி அந்தச் சூட்டில்தான் சாகும், எக்ஸிமா புண்களில் அடிக்கடி குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியும் குறையும். மாதம் ஒருமுறை மெஷினை வெறுமனே அதிகச் சூட்டில் ஓட்டுங்கள், இல்லையென்றால் களிம்பு கதவு ரப்பரை இளக்கிவிடும்.

இதில் உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் வேகமாகப் பரவும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-இல் இதைப் பற்றி எச்சரித்தது. துவைத்தால் குறையும், முழுதாகப் போகாது. அந்த உடையோடு குழந்தையை அடுப்பு, மெழுகுவர்த்தி, புகைபிடிப்பவர் பக்கம் விடாதீர்கள்.

மாற்றும்போது

ஒரே நாளில் டிடர்ஜென்ட், குளியல் சோப்பு, களிம்பு மூன்றையும் மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. டிடர்ஜென்டை மட்டும் மாற்றி நான்கு வாரம் பாருங்கள். தொடங்குமுன் குழந்தையின் எல்லாத் துணியையும் டிடர்ஜென்ட் இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சுற்று ஓட்டுங்கள். முதல் சுற்றில் வரும் நுரையே பழைய மிச்சத்தைக் காட்டிவிடும். குழந்தை முகம் புதைக்கும் அம்மா அப்பாவின் தோள்பட்டைத் துணி, போர்வை, கார் இருக்கை உறை ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இது. புதுத் துணியில் சுருக்கம் விழாமல் இருக்க ஃபார்மால்டிஹைடு பிசின் ஏற்றியிருக்கலாம், அடர்நிறச் செயற்கை இழையில் ஒட்டாத சாயம் இருக்கலாம். இரண்டு முறை துவைத்த பிறகே போடுங்கள்.

தடிப்பு எங்கே வருகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். துணி இறுக்கும் இடம், வியர்க்கும் இடம், இடுப்புக் கோடு, கழுத்தின் பின்புறம், அக்குளின் விளிம்பு என்றால் துணிமேல் சந்தேகப்படலாம். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் மட்டும் என்றால் டிடர்ஜென்ட் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒவ்வாமைத் தடிப்பு உடனே வராது, இரண்டு முதல் நான்கு நாள் கழித்தே வரும்; அதனால் நேற்றுப் போட்ட சட்டையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். டிடர்ஜென்டை நேராகத் தோலில் தடவிப் பிளாஸ்திரி ஒட்டிச் சோதிக்கவே கூடாது. நீர்க்காத டிடர்ஜென்ட் மூடி வைத்தால் யாருடைய தோலையும் புண்ணாக்கும். பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் பேட்ச் டெஸ்ட் என்ற சோதனையை மருத்துவர்தான் செய்ய வேண்டும்; அவர் சரியான அளவில் நீர்த்துப் போட்டு, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்த்துச் சொல்வார்.

நான்கு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால் நாலாவது பாட்டிலைத் தேடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். எந்த டிடர்ஜென்டும் களிம்புக்கும் மருந்துக்கும் மாற்றாகாது. மஞ்சள் பொருக்கு, நீர்க் கசிவு, காய்ச்சல், அல்லது வலியோடு குத்தியெடுத்தாற்போன்ற சிறு கொப்புளங்கள் திடீரெனப் பரவினால் அன்றைக்கே போக வேண்டும். போகும்போது டிடர்ஜென்ட், மென்மையாக்கி, குளியல் சோப்பு, களிம்பு எல்லாவற்றின் பின்பக்கத்தையும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி படமெடுத்துக்கொண்டு போங்கள். எந்தெந்தப் பொருளுக்குப் பேட்ச் டெஸ்ட் செய்வது என்று மருத்துவர் முடிவெடுக்க அந்தப் பட்டியல் உதவும்.